கால் பெருவிரலில் இருபத்திரண்டு

வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. நாற்பத்தாறு வயதாகி, காதோரம் நரைத்து, கண்ணாடி போட்ட பிறகும் பாப்பாதான். ஆஸ்பத்திரியில் மட்டும் லேப் மேடம். கால் ரத்தக்குழாய்களைச் சோதிக்கும் அறை அவளுடையது. உயரமான ஒரு மேசை, சக்கரம் வைத்த மெஷின், சுவரில் கொக்கி போட்டுத் தொங்கும் பட்டைகள், ஜெல் பாட்டில், முக்காலி. பதினேழு வருஷமாக அந்த முக்காலியில் குனிந்து உட்கார்ந்து ஊரார் கால்களைப் பிடித்துப் பார்த்ததில் அவளுக்கே முதுகு கூன் விழுந்துவிட்டது.

அன்று காலை பத்தரை மணிக்கு அந்த மேசையில் படுத்திருந்தது அவளுடைய அண்ணன்.

வலது காலின் சுண்டுவிரல் கருகிய திரி மாதிரி கறுத்திருந்தது. பக்கத்து விரலின் ஓரத்திலும் நீலம் ஏறியிருந்தது. பாதத்தைத் தொட்டால் கல்லைத் தொட்டது போலச் சில்லென்று இருந்தது. முட்டிக்குக் கீழே மட்டும் முடியெல்லாம் உதிர்ந்து, தோல் மினுமினுவென்று கிடந்தது.

"என்ன பாப்பா, பொணத்தக் கிடத்துற மாதிரி மட்டமா கிடத்தியிருக்க. ஒரு தலகாணி குடுக்கக் கூடாதா?"

"தலையைத் தூக்கினா பிரஷர் மாறும். சும்மா படு."

"கூடப் பொறந்தவனுக்குக்கூட சலுகை கிடையாது. நல்ல ஆஸ்பத்திரிதான் போ."

அண்ணன் வயரிங் வேலை செய்கிறவர். முப்பது வருஷமாக ஏணியிலேயே குடியிருந்தவர். தெருவில் யார் வீட்டில் கரண்ட் போனாலும் முதலில் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள் என்பதால் பியூஸ் அண்ணன் என்றே அவருக்குப் பெயர் நின்றுவிட்டது. சர்க்கரை வியாதி வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதைப் பற்றி யாராவது கேட்டால், "அது பாட்டுக்கு அது இருக்கு, நான் பாட்டுக்கு நான் இருக்கேன்" என்பார்.

காலையில் டாக்டரம்மா வார்டுக்குப் போகிற வழியில் அறை வாசலில் நின்றே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"சுண்டுவிரல் போனது போனதுதான். அத எடுத்தே ஆகணும். பெருவிரல்ல பிரஷர் எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும். முப்பதுக்கு மேல இருந்தா விரல மட்டும் எடுத்துட்டு விட்டுடலாம், புண்ணு ஆறிடும். முப்பதுக்குக் கீழன்னா விரல எடுத்தாலும் ஆறாது. மேல மேல ஏறி கடைசியில முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டி வரும். அப்படின்னா முதல்ல குழாயைத் திறக்கப் பாக்கணும். ஆனா அவருக்கு கிட்னி வீக்கா இருக்கு. குழாய் படத்துல தெரியறதுக்கு ஏத்துற மருந்து கிட்னிய அடிச்சாலும் அடிக்கும். நம்பர் இல்லாம அந்த ரிஸ்க்க நான் எடுக்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சொந்த அண்ணன். நீ பண்றியா, இல்ல வேற எடத்துக்கு அனுப்பட்டுமா?" என்றார்.

"நானே பண்றேன் டாக்டர்."

இந்தக் காலை வேறு யார் கையிலும் விட அவளுக்கு மனமில்லை. காரணம் டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அண்ணிக்கும் தெரியாது. அண்ணி வெளியே வராந்தா பெஞ்சில் பைலை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதே மேசையில், பத்து வாரத்துக்கு முன்னால், இதே காலை அவள் ஒருமுறை சோதித்திருக்கிறாள்.

அப்போது விரலெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மாடிப்படி இரண்டு தளம் ஏறினால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று அண்ணன் வந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். சொந்தக்காரன் என்று உள்ளே விட்டதற்கே அவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவசரமாகக் கையில் ஒரு பட்டை, கணுக்காலில் ஒரு பட்டை கட்டினாள். சோதனை என்னவோ எளிதுதான். பட்டையில் காற்றை ஏற்றினால் குழாய் நசுங்கி ரத்தம் நிற்கும், மெஷினில் கேட்கும் ரத்த ஓட்டத்தின் சத்தமும் நிற்கும். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும்போது எந்த எண்ணில் சத்தம் திரும்பி வருகிறதோ அதுதான் அந்த இடத்துப் பிரஷர். கணுக்காலின் எண்ணைக் கையின் எண்ணால் வகுக்க வேண்டும். ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தால் கால் நல்ல கால்.

அண்ணனுக்குக் கையில் நூற்று நாற்பது. கணுக்காலில் நூற்று அறுபத்தெட்டு. வகுத்தால் ஒன்று புள்ளி இரண்டு.

"ரத்த ஓட்டம் நல்லாவே இருக்கு. இது நரம்புதான். நடந்து பழகு, சரியாயிடும்" என்று அன்றைக்கு அவள் சொன்னாள்.

தங்கை சொன்னால் அண்ணனுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. அந்த தைரியத்தில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் வயரிங்கை ஒப்புக்கொண்டார். அங்கே முன்பக்கம் இரும்பு வைத்த புது ஷூ போட்டால்தான் உள்ளேயே விடுவார்கள். அது சுண்டுவிரலைக் கடித்தது. சர்க்கரையில் மரத்துப்போன காலுக்குக் கடித்தது தெரியவில்லை. ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் ஈரமாக இருக்கிறதே என்று அண்ணிதான் முதலில் பார்த்தாள்.

விரல் கறுத்த படத்தை அண்ணி போனில் அனுப்பிய அன்றே பாப்பாவுக்குப் பொறி தட்டிவிட்டது. பழைய சர்க்கரைக்காரர்களின் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு ஏறிவிடும். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் குழாய் நசுங்காது. உள்ளே ரத்தம் நூலிழையாகத்தான் ஓடும், ஆனால் எண் மட்டும் ராஜா மாதிரி உயர்ந்து நிற்கும். இது அவள் படித்த பாடம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம். அப்படிப்பட்ட காலுக்குக் கணுக்காலை நம்பாமல் பெருவிரலில் பார்க்க வேண்டும். விரலின் பொடிக்குழாய்களில் சுண்ணாம்பு அவ்வளவாக ஏறுவதில்லை. அதற்கென்று மோதிரம் போல ஒரு குட்டிப் பட்டை மேசை இழுப்பறையில் டப்பாவோடு கிடந்தது. காலைச் சூடாக்கிக் கால் மணி நேரம் காத்திருந்து எடுக்க வேண்டும் என்பதால் அதை எடுப்பதே அபூர்வமாகிப் போயிருந்தது.

எண்தான் ஏமாற்றியது என்றால் சத்தம் காட்டிக் கொடுத்திருக்குமே? நல்ல காலின் குழாயில் மெஷினை வைத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் மூன்று சத்தம் கேட்கும். ஒரு பெரிய அடி, ஒரு சின்னப் பின்வாங்கல், மறுபடி ஒரு மெல்லிய தட்டல். அடைபட்ட குழாயில் ஒரே ஒரு மந்தமான பெருமூச்சுதான். ஆனால் அந்த அறையில் சத்தத்தை இரண்டுக்கு மேல் வைக்கக் கூடாது. வெளியே உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் சத்தம் கேட்டுப் பயப்படுகிறார்கள் என்று ஆபீசில் இருந்து ஒரு காகிதம் அடித்து மெஷின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். இரண்டில் வைத்தால் சத்தம் வருகிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். எப்படிப்பட்ட சத்தம் என்பது தெரியாது. நாலு வருஷமாக அவளும் அப்படியே வேலை பார்த்துப் பழகிவிட்டாள்.

இப்போது அவள் அண்ணன் காலின் மேல் சூட்டுப் போர்வையைப் போர்த்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். கால் மணி நேரம்.

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. நான் எங்க எந்திரிச்சு ஓடப் போறேன்."

"போன தடவ நான் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னேன்ல. அது நல்லா இல்ல. அப்பவே அடைச்சிருந்திருக்கு. நம்பர் நல்லா வந்துச்சு, அத நம்பிட்டேன். உன்ன மாதிரி ரொம்ப நாள் சர்க்கரை இருக்கிறவங்களுக்கு அந்த நம்பர் பொய் சொல்லும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் விரல்ல பாக்காம விட்டுட்டேன்."

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு டியூப் லைட் லேசாக விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

"நம்பர் எப்படிப் பொய் சொல்லும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். வயிற்றில் இறங்கும் பெரிய குழாய் தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரிகிறது. காலுக்கு ஒன்று. தொடை இடுக்கில் தொட்டால் துடிக்கிறதே, அதுதான் அது. பிறகு தொடைக்குள் மூழ்கி, முட்டிக்குப் பின்னால் வந்து, அங்கிருந்து மூன்றாகப் பிரிகிறது. முன்னால் போவது ஒன்று, அது பாதத்தின் மேல் வந்து நிற்கும். பின்னால் போவது ஒன்று, உள் கணுக்கால் ஓரமாகப் பாதத்துக்குள் இறங்கும். நடுவில் ஒல்லியாக ஒன்று, கணுக்காலுக்கு மேலேயே முடிந்துவிடும். முன்னதும் பின்னதும் பாதத்துக்குள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்ளும். ஒன்று அடைத்தாலும் மற்றது கொஞ்ச காலம் ஓட்டிவிடும். அதனால்தான் கடைசி வரை வெளியே தெரிவதில்லை.

"முட்டிக்குக் கீழ த்ரீ பேஸ்னு சொல்லு."

"அப்படியே வெச்சுக்கோ."

"ரெண்டு பேஸ் போனாலும் ஒண்ணுல வீட்ட ஓட்டலாம். மோட்டார்தான் ஓடாது. மாடி ஏறினா கால் பிடிச்சுதே, அது மோட்டார் திணறினது." அவர் தானாகவே தலையாட்டிக்கொண்டார். "நம்பர் விஷயம் சொல்லு."

"குழாய் கல்லு மாதிரி ஆயிடுச்சு. பட்டைய இறுக்கினா நசுங்கல. நசுங்காததால நம்பர் மேல நின்னுச்சு. உள்ள ஓடுறது என்னமோ துளித்துளியாத்தான்."

அண்ணன் மெதுவாக, பாடம் ஒப்பிக்கிறவர் போலச் சொன்னார்.

"டெஸ்டர வெச்சா லைட் எரியும். பல்ப மாட்டினா எரியாது. வயருக்குள்ள எல்லா இழையும் அறுந்து ஒரே ஒரு இழை தொட்டுக்கிட்டு இருக்கும். டெஸ்டருக்கு அது போதும், பல்புக்குப் போதாது. டெஸ்டர நம்பி வேலைய முடிச்சுட்டேன்னு வீட்டுக்குப் போற பயல எனக்குக் கண்டாலே ஆகாது, பாப்பா. ஒருத்தன அதுக்காகவே வேலைய விட்டு அனுப்பியிருக்கேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை.

"அண்ணிகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லு. நான் சொன்னா உன்னக் காப்பாத்தறதுக்குப் பூசி மெழுகுறேன்னு நினைப்பா."

போர்வையை எடுத்தாள். பாதத்தில் சூடு ஏறியிருந்தது, ஆனால் அது போர்வையின் சூடு. முதலில் கணுக்காலின் உட்பக்கம் ஜெல் வைத்து மெஷினின் பேனா போன்ற முனையை ஒட்டினாள். ஒலிக் குமிழைத் திருகினாள். இரண்டு, மூன்று, ஐந்து. கடைசி வரை.

மூன்று சத்தம் இல்லை. தூரத்தில் யாரோ சலித்துப்போய் மூச்சு விடுவது போல ஒன்று. நின்று, மறுபடி ஒன்று. பாதத்தின் மேல் வைத்தால் அதுவும் இல்லை. வெறும் இரைச்சல்.

கதவைத் திறந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "என்ன பாப்பா அது, சத்தம்?"

"இவரு கால் ரத்தம் ஓடுற சத்தம் அண்ணி."

"இவ்வளவுதானா ஓடுது?"

பன்னிரண்டாவதுகூடத் தாண்டாத அண்ணிக்குக் காதில் விழுந்ததும் புரிந்துவிட்டது. மேலே படித்த அத்தனை பேரும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா தலையை ஆட்டினாள். அண்ணி கதவை மூடவில்லை. அங்கேயே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மோதிரப் பட்டையைப் பெருவிரலில் சுற்றினாள். நுனியில் சிவப்பு வெளிச்சம் விடும் கிளிப்பை மாட்டினாள். விரலுக்குள் ரத்தம் போனால் திரையில் கோடு அலை அலையாக ஏறி இறங்கும். காற்றை ஏற்றினால் கோடு படுத்துவிடும். இறக்கும்போது எந்த எண்ணில் மறுபடி எழுகிறதோ அதுதான் கணக்கு.

ஏற்றினாள். கோடு படுத்தது. இறக்கினாள். அறுபது. ஐம்பது. நாற்பது. கோடு எழவில்லை. முப்பத்தைந்து. முப்பத்திரண்டு. முப்பது. இருபத்தெட்டு. இருபத்தைந்து. இருபத்திரண்டில் கோடு லேசாகத் தலை தூக்கியது.

பட்டையைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினால் எண் ஏறும். முப்பத்திரண்டு, முப்பத்து நாலு எல்லாம் சாதாரணமாக வரும். அவள் கைக்கு அது தெரியும். யாருக்கும் சந்தேகம் வராது. முப்பத்து நாலு என்று எழுதிக் கொடுத்தால் டாக்டரம்மா விரலை மட்டும் எடுப்பார், கிட்னியைத் தொட வேண்டியதில்லை, அண்ணன் நாளைக்கே வீட்டுக்குப் போகலாம். அண்ணி கையெடுத்துக் கும்பிடுவாள். ஒரு வாரம் எல்லோரும் சந்தோஷமாக இருக்கலாம்.

விரல்கள் தாமாகவே பட்டையின் ஓரத்துக்குப் போயின. அவள் பட்டையை முழுக்கக் கழற்றி, மறுபடி முதலிலிருந்து, இறுக்கமாக, இடைவெளி இல்லாமல் சுற்றினாள். இருபத்து நாலு. மூன்றாம் தடவை இருபத்திரண்டு.

"எவ்வளவு?" என்றார் அண்ணன்.

"இருபத்திரண்டு."

"எவ்வளவு இருக்கணும்?"

"முப்பது."

"நிச்சயமா?"

"மூணு தடவ பாத்தேன். இந்தத் தடவ நிச்சயம்."

"சரி. அப்ப அதையே எழுது."

அண்ணி நிலையோரமாக உட்கார்ந்தாள். பாப்பா முக்காலியை விட்டு எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பத்து வாரத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னாள். அண்ணி முழுக்கக் கேட்டாள். பாப்பா பிடித்திருந்த தன் கையை உருவிக்கொண்டாள். "நீ பாத்தேன்னுதான் பாப்பா நாங்க வேற எங்கயும் போகல" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் அண்ணி அவளோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார். பாப்பா தான் செய்ததையும் அவரிடம் சொன்னாள். அவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அத அப்புறம் பேசலாம். முதல்ல கால்" என்றார். கிட்னியைக் காப்பாற்ற அன்று முழுக்க அண்ணனுக்கு சலைன் ஏற்றினார்கள். மறுநாள், மருந்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக்கொண்டு, தொடை இடுக்கு வழியாக முடி மாதிரி ஒரு கம்பியை உள்ளே விட்டார்கள். முன் குழாய் மேலிருந்து கீழ் வரை அடைத்துக் கல்லாகிப் போயிருந்தது. பின் குழாயில் மூன்று இடத்தில் இடுக்கம். ஒன்றரை மணி நேரம் போராடிப் பொடிப் பலூனை ஊதி அதைக் கணுக்கால் வரை திறந்தார்கள். கிட்னி இரண்டு நாள் பயமுறுத்திவிட்டு அடங்கியது.

மூன்றாம் நாள் பெருவிரலில் நாற்பத்தொன்று.

சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். பாதம் மிஞ்சியது. புண் ஆற ஒன்பது வாரம் ஆனது. அண்ணனால் நடக்க முடிகிறது, ஏணி மட்டும் ஏற முடியாது. இதை டாக்டரம்மா சொன்னபோது, "ஏணிக்குக் கீழ நின்னு அதிகாரம் பண்றதுக்கும் ஆள் வேணும்ல" என்று சிரித்தார். வீட்டுக்குப் போன பிறகு ஏணியைப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சுவரோரம் படுக்கப் போடச் சொன்னாராம். அண்ணி சொல்லித்தான் பாப்பாவுக்குத் தெரிந்தது. அதுதான் அண்ணி மறுபடி பேசிய முதல் பேச்சு.

கட்டுப் பிரித்த அன்று அண்ணன் அவளிடம் கேட்டார்.

"என் ஒருத்தன் கால்லதான் அப்படிப் பாத்தியா?"

அவள் சுருட்டிக்கொண்டிருந்த கட்டுத் துணியைக் கீழே வைத்தாள்.

"ஒரு போர்டுல தப்பா கனெக்‌ஷன் குடுத்திருக்குன்னு தெரிஞ்சா, அதே ஆள் வேல பாத்த எல்லா போர்டையும் தொறந்து பாக்கணும், பாப்பா. வீட்டுக்காரன் திட்டுவானேன்னு பாத்தா முடியாது."

பழைய ஆட்களைக் கூப்பிட்டு மறுபடி பார்க்கட்டுமா என்று பாப்பா கேட்டதற்கு டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். பேசலாம் என்று அன்று தள்ளி வைத்ததைப் பேசினார், கடுமையாகவே பேசினார். பிறகு, "கூப்பிடு. வர்றவங்கள நானும் பாக்கறேன்" என்றார். பாப்பா இரண்டு வருஷத்துக் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, பழைய சர்க்கரைக்காரர்களை மட்டும் பிரித்தாள். எண் நன்றாக வந்து, நடந்து பழகுங்கள் என்று அவள் அனுப்பி வைத்தவர்கள் முப்பத்து நாலு பேர்.

மத்தியான நேரத்தில், வராந்தா காலியாக இருந்தபோது, ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒருவர் அவளுடைய அக்கறைக்கு நன்றி சொன்னார். ஒருவர், "நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க, இப்ப எதுக்கு மறுபடி?" என்று சலித்துக்கொண்டு, வருகிறேன் என்றார். ஒரு போன் எண் உபயோகத்தில் இல்லை. ஆறாவது போனை ஒரு பெண் எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசறேம்மா. கால் ரத்த ஓட்டம் பாக்குற லேப். அப்பாவுக்குப் போன வருஷம் ஒரு டெஸ்ட் பண்ணினோம். அத மறுபடி..."

"அந்தக் கால எடுத்தாச்சு மேடம்." பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அவள் அதை நிறுத்திவிட்டு வந்து பேசினாள். "போன மாசம். வேற ஆஸ்பத்திரியில. முட்டிக்குக் கீழ. உங்க பேப்பர்ல நார்மல்னு போட்டிருந்துச்சு. அத நீங்கதான் பாத்தீங்களா?"

மெஷின் மேல் ஒட்டிய காகிதம் இன்னும் அங்கேயே இருந்தது. இரண்டுக்கு மேல் வைக்கக் கூடாது.

"ஆமாம்மா. நான்தான் பாத்தேன். விரல்லயும் பாத்திருக்கணும், பாக்காம விட்டுட்டேன். என் தப்பு."

அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது.

"இன்னொரு கால் இருக்கு மேடம்" என்றாள் அந்தப் பெண். "அதையாவது ஒழுங்கா பாப்பீங்களா?"

"பாக்கறேன்மா. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. படியேற வேண்டாம், ஆஸ்பத்திரி வாசலுக்கு நானே வீல்சேரோட வர்றேன்."

போனை வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தாள். மோதிரப் பட்டையை டப்பாவிலிருந்து எடுத்து, சுவரில் கைக்கு எட்டுகிற முதல் கொக்கியில் மாட்டினாள். பிறகு ஏழாவது எண்ணை அழுத்தினாள்.